வயசான பிளேயர அடிமாட்டு விலைக்கு வாங்குறது எப்படி: டைனஸ்டி ஃபேண்டஸி ஃபுட்பால் ஆஃப்சீசன் வழிகாட்டி

ஃபேண்டஸி ஃபுட்பால்னா, அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல ஆடுற பிளேயருங்கள வச்சு நாம ஒரு கற்பனை டீம் அமைச்சு, அவங்க நிஜ மேட்ச்ல ஆடுறத வச்சு பாயின்ட் எடுக்கற ஆட்டம். அதுல டைனஸ்டி லீக்ல புதுசா சேந்தவங்களுக்கு முதல்ல தலைய சுத்துற விஷயம் இதுதான். என்எஃப்எல்ல இன்னும் ஒரு மேட்ச் கூட ஆடாத 21 வயசு பையனுக்கு லீக்ல எல்லாரும் அடிச்சுக்குவாங்க, ஆனா போன சீசன் முழுக்க வாரா வாரம் பாயின்ட் அள்ளிக் கொட்டுன 30 வயசு ரன்னிங் பேக்க (பந்த தூக்கிட்டு ஓடுறவர) "யாருக்காவது வேணுமா"ன்னு சாட்ல கேட்டா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க. சாதா ரீட்ராஃப்ட் லீக்ல டீம் டிசம்பரோட கலைஞ்சிடும், டைனஸ்டில டீம் வருஷக்கணக்கா உங்க கூடவே இருக்கும், அதனால இவன் எவ்ளோ பாயின்ட் எடுப்பான்றத விட அடுத்த வருஷம் இவன வித்தா என்ன கிடைக்கும்னுதான் எல்லாரும் கணக்கு போடுவாங்க. அதுலயும் பிப்ரவரில சூப்பர் பௌல் (என்எஃப்எல் ஃபைனல்) முடிஞ்சா அப்புறம் செப்டம்பர் வரைக்கும் மேட்சே கிடையாது, பாயின்ட்டே வராது, பேசுறதுக்கு இருக்கறது வயசு ஒண்ணுதான். அந்த ஏழு மாசத்துல வயசானவங்க விலை இறங்கிட்டே போகும், முதல் வாரம் மேட்ச் ஆரம்பிச்சதும் அதே ஆளு திடீர்னு எல்லாருக்கும் தேவைப்படுவார். நடுவுல வாங்கிப் போடணும். எப்போ, யார, எவ்ளோக்கு, யார்கிட்ட இருந்துன்றதுலதான் வேலையே இருக்கு.

டெரிக் ஹென்றிய எடுத்துக்கோங்க. 2024 மார்ச்ல டென்னசி டைட்டன்ஸ விட்டுட்டு பால்டிமோர் ரேவன்ஸ்ல 2 வருஷத்துக்கு 16 மில்லியன் டாலர்னு சேந்தார், அப்போ வயசு 30, அதுவரைக்கும் 2,000 தடவைக்கு மேல பந்த தூக்கிட்டு ஓடி முடிச்ச உடம்பு. "இனிமே அவ்ளோதான்"னு சொல்லி பல லீக்ல ஒரு ரெண்டாவது ரவுண்ட் ரூக்கி பிக் (வருஷா வருஷம் என்எஃப்எல்லுக்கு புதுசா வர்ற பசங்கள எடுக்கற உரிமை) சுத்துவட்டாரத்துலயே அவர தள்ளி விட்டுட்டாங்க. அந்த சீசன் அவர் ஓடினது 1,921 யார்டு, 16 டச்டவுன். 10 யார்டுக்கு 1 பாயின்ட், டச்டவுனுக்கு 6 பாயின்ட், கேட்ச்ச எல்லாம் விட்டுட்டு ஓட்டத்த மட்டும் கணக்கு போட்டா கூட 288 பாயின்ட், அதாவது மேட்சுக்கு கிட்டத்தட்ட 17. ரெண்டாவது ரவுண்ட் பிக்ல எடுக்குற ரூக்கி அவ்ளோ எடுத்தா அத கொண்டாடுவோம்.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அத இப்பவே சொல்லிடுறேன். ஜோ மிக்ஸன் 2024ல ஹூஸ்டனுக்கு 1,016 யார்டு ஓடினார், அடுத்த வருஷம் கால் காயத்துல ஒரு மேட்ச் கூட ஆடல. ஜேம்ஸ் கானர் 2023, 2024 ரெண்டு வருஷமும் 1,000 யார்டு தாண்டினார், 2025ல மூணாவது வாரமே கணுக்கால் போய் சீசன் முடிஞ்சுது. யானைன்னா இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன், இங்க அந்தக் கதையே கிடையாது, ஆளு ரிட்டயர் ஆன அன்னிக்கு விலை பூஜ்யம். அதனால வாங்கும்போதே அடுத்த வருஷம் இவர் மதிப்பு ஒண்ணும் இல்லன்னு எழுதி வச்சுட்டுதான் வாங்கணும், அப்படியும் கணக்கு கட்டுபடியாகுதான்னு பாக்கணும்.

முதல்ல உங்க டீம பாருங்க

வயசானவங்கள வாங்குறது கப்பு அடிக்கிற நிலைமைல இருக்கற டீமுக்கு மட்டும்தான். போன சீசன் 9 மேட்ச் ஜெயிச்சோம்ன்றத வச்சு அத முடிவு பண்ணாதீங்க, ஜெயிச்சது தோத்தது எல்லாம் எதிர்ல அந்த வாரம் யார் வந்தாங்கன்றத பொறுத்தது. மொத்த பாயின்ட்ட பாருங்க. லீக் நடத்துற ஸ்லீப்பர் ஆப்ல ஸ்டாண்டிங்ஸ் பக்கத்துல மேக்ஸ் பிஎஃப்னு ஒரு கட்டம் இருக்கும், ஒவ்வொரு வாரமும் சரியான ஆள எறக்கியிருந்தா எவ்ளோ வந்திருக்கும்ன்ற கணக்கு அது, டீமோட உண்மையான பலம் அதுலதான் தெரியும். 12 பேர் லீக்ல அதுல முதல் நாலு இடத்துல இருந்தா தாராளமா வாங்குங்க. நடுவுல இருந்தா ஒண்ணு ரெண்டு வைட் ரிசீவர் (பந்த கேட்ச் புடிக்கறவர்), ஒரு குவார்ட்டர்பேக் (பந்த வீசுறவர்), அதோட நிறுத்திக்கோங்க. கடைசி நாலுல இருந்தா இந்தக் கட்டுரைய தலைகீழா படிங்க, நீங்க விக்கிற ஆளு.

ஏன்னா டைனஸ்டிலயே மோசமான இடம் ஏழாவது இடம்தான். கப்பும் வராது, நல்ல பிக்கும் வராது, டீம் முழுக்க 30 வயசுக்காரங்க மட்டும் இருப்பாங்க.

லீக் செட்டிங்கையும் ஒரு தடவ தொறந்து பாத்துடுங்க. 8 பேர மட்டும் எறக்குற லீக்ல சுமாரான வெட்டரன் (வயசான பிளேயர்) பெஞ்ச்லதான் தூங்குவார், மூணு ஃப்ளெக்ஸ் (எந்த பொசிஷன்னு கட்டாயம் இல்லாத இடம்) வச்சு 11 பேர எறக்குற லீக்ல அதே ஆளு தங்கம். ரெண்டாவது குவார்ட்டர்பேக்கையும் எறக்க முடியற சூப்பர்ஃப்ளெக்ஸா இருந்தா வயசான குவார்ட்டர்பேக்குக்கு தனி மதிப்பு. டைட் எண்டுக்கு (எதிராளிய தடுக்கறதும் கேட்ச் புடிக்கறதும் ரெண்டும் பண்றவர்) கேட்ச்சுக்கு ஒன்றரை பாயின்ட் தர்ற லீக்கா இருந்தா அந்தப் பக்கமும் ஒரு கண்ணு வைங்க.

எந்த பொசிஷன்ல என்ன வயசு

லாபம் எங்க இருக்குன்னா, விலை இறங்குற வயசுக்கும் ஆட்டம் இறங்குற வயசுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிலதான். வைட் ரிசீவருக்கு 28 ஆச்சுன்னா மார்க்கெட்ல முணுமுணுக்க ஆரம்பிச்சிடுவாங்க, 29ல ஓரங்கட்டிடுவாங்க, ஆனா நல்ல ரிசீவருங்க 31, 32 வரைக்கும் சாதாரணமா ஓட்டுவாங்க. ஆடம் தீலன் 33 வயசுல 2023ல கேரொலைனா மாதிரி ஒரு டீம்ல 103 கேட்ச் புடிச்சார், 1,014 யார்டு. மைக் எவன்ஸ் 2014ல இருந்து 2024 வரைக்கும் 11 வருஷம் ஒரு வருஷம் கூட விடாம 1,000 யார்டு தாண்டினார், அதுல கடைசி மூணு நாலு வருஷம் ஒவ்வொரு ஆஃப்சீசன்லயும் "வயசாயிடுச்சு"ன்னுதான் அவர வித்துட்டு இருந்தாங்க. புதுசா வர்றவங்க இங்க இருந்து ஆரம்பிக்கறதுதான் பாதுகாப்பு.

ரன்னிங் பேக்ல அந்த இடைவெளி ரொம்பக் குறுகல். மார்க்கெட் 26லயே கைய விடும், உடம்பு 28, 29ல கைய விட்டுடும், அதுவும் படிப்படியா இறங்காது, ஒரே சீசன்ல தொபுக்கடீர்னு விழுவாங்க. டாட் கர்லி 2017ல லீக்லயே சிறந்த ஆஃபென்ஸ் பிளேயர்னு அவார்டு வாங்கினவர், முழங்கால் பிரச்சனைல 2020 மார்ச்ல ராம்ஸ் அவர வெளிய விட்டாங்க, அந்த வருஷத்தோட கதை முடிஞ்சுது, வயசு 26தான். அதனால ரன்னிங் பேக்னா ஒரு வருஷத்துக்குன்னு நினைச்சு வாங்குங்க, ரெண்டாவது வருஷம் கிடைச்சா போனஸ். காயத்துனால விலை விழுந்தவங்க கொஞ்சம் வேற ரகம். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2024ல நாலு மேட்ச்தான் ஆடினார், 2025 வசந்த காலத்துல அவர வச்சிருந்தவங்க பலரும் எவன் தலைலயாவது கட்டிடணும்னு அலைஞ்சாங்க, அந்த சீசன் 17 மேட்சும் ஆடி 100 கேட்ச்சுக்கு மேல புடிச்சார்.

குவார்ட்டர்பேக்குக்கு 35 ஒரு வயசே இல்ல. 2025 ஆகஸ்ட்ல மேத்யூ ஸ்டாஃபோர்டுக்கு 37 வயசு, முதுகு வலின்னு ட்ரெய்னிங் கேம்ப்ல ப்ராக்டிஸ் பண்ணாம உக்காந்திருந்தார், சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்ல கூட ஆளாளுக்கு பயந்தாங்க, அவர் 46 டச்டவுன் வீசி எம்விபி (லீக்ல சிறந்த பிளேயர் அவார்டு) வாங்கிட்டுப் போயிட்டார். எல்லாருக்கும் இப்படி நடக்காதுதான், ஆனா கைல ஸ்டார்ட்டர் வேலை உறுதியா இருக்கற வயசான குவார்ட்டர்பேக் சூப்பர்ஃப்ளெக்ஸ்ல எப்பவுமே குறைஞ்ச விலைக்கு கிடைப்பார்.

டைட் எண்ட் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ட்ராவிஸ் கெல்சி 2022ல 1,338 யார்டு, 2023ல 984, 2024ல 823, அதாவது மெதுவா இறங்குவாங்க, பேருக்காக விலை கொடுக்காம போன ரெண்டு வருஷ போக்க பாத்து கொடுங்க.

ஆள எப்படி எடை போடுறது

மொதல்ல கான்ட்ராக்ட். ஓவர் தி கேப், ஸ்போட்ராக்னு ரெண்டு சைட் இருக்கு, ரெண்டுமே ஃப்ரீயா பாக்கலாம். வர்ற சீசனுக்கு கேரண்டி பணம் எவ்ளோ, இப்போ வெளிய அனுப்புனா டீமுக்கு எவ்ளோ மிச்சம், இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும். கேரண்டி இல்லாம சம்பளம் மட்டும் பெருசா இருந்தா மார்ச்ல அனுப்பிடுவாங்கன்னு அர்த்தம். கூப்பர் கப் 2021ல 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன்னு மூணுலயும் லீக்ல முதல் இடம், 2025 மார்ச்ல அதே ராம்ஸ் அவர விட்டுட்டாங்க, சியாட்டிலுக்குப் போனார். ராம்ஸ்ல இருக்கற கூப்பர் கப்னு நினைச்சு பிப்ரவரில விலை கொடுத்தவங்களுக்கு கைல இருந்தது வேற ஆளு.

அடுத்து டச்டவுன பாத்து மயங்காதீங்க. டச்டவுன் வருஷத்துக்கு வருஷம் ஏறும் இறங்கும். எத்தன தடவ பந்து அவர் பக்கம் வீசுனாங்க (இதுதான் டார்கெட்), எவ்ளோ ஸ்னாப் (ஒவ்வொரு தடவ ஆட்டம் தொடங்குறது) களத்துல இருந்தார், கடைசி ஆறு வாரம் அது குறைஞ்சிருக்கான்னு பாருங்க. டார்கெட் அப்படியே இருந்து டச்டவுன் மட்டும் குறைஞ்ச வெட்டரன்தான் வாங்க வேண்டிய ஆளு. டார்கெட் குறைஞ்சு டச்டவுன் மட்டும் நிறைய இருக்கற ஆள எவனாவது உங்ககிட்ட விக்க வந்தா சிரிச்சுட்டு நகந்துடுங்க.

மூணாவது, அவர் இடத்துக்கு ஆள் வருதா. 2024 மார்ச்ல கர்க் கஸின்ஸ் அட்லாண்டால பெரிய கான்ட்ராக்ட்டோட சேந்தார், எல்லாரும் நிம்மதியா வாங்கினாங்க, ஏப்ரல் ட்ராஃப்ட்ல அதே அட்லாண்டா எட்டாவது பிக்ல மைக்கேல் பெனிக்ஸ எடுத்துச்சு, டிசம்பர்ல கஸின்ஸ் பெஞ்ச்ல. கான்ட்ராக்ட் நல்லா இருந்தும் இப்படி நடக்கும்ன்றதாலதான் அடுத்து சொல்லப் போற நேரக்கணக்கு முக்கியம்.

எந்த மாசம் என்ன பண்ணணும்

பிப்ரவரில அவசரப்படாதீங்க. அப்போதான் ரிட்டயர்மென்ட் வதந்தி, டீம் மாறுற வதந்தி எல்லாம் ஓடும், விலை குறைவா தெரியும், ஆனா ரிஸ்க்கும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். மார்ச் நடுவுல ஃப்ரீ ஏஜென்சி (கான்ட்ராக்ட் முடிஞ்சவங்க வேற டீம்ல சேர்ற காலம்) தொறக்கும், நல்ல டீம்ல சேந்த செய்தி வந்த அரை மணி நேரத்துல லீக்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அங்கயும் பெரிய லாபம் இல்ல. ஆனா மோசமான டீம்ல சேந்தா, இல்ல காயத்தோட சேந்தா, ஜனங்க ஓவரா பயப்படுவாங்க. ஸ்டெஃபான் டிக்ஸ் 2024 அக்டோபர்ல ஏசிஎல் (முழங்கால் தசைநார்) கிழிச்சுக்கிட்டு, 2025 மார்ச்ல நியூ இங்கிலாந்துல சேந்தார், வயசு 31, யாரும் சீண்டல. 1,000 யார்டு தாண்டி முடிச்சார்.

ஏப்ரல் கடைசில என்எஃப்எல் ட்ராஃப்ட். அது முடிஞ்ச ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒரு லிஸ்ட் போடுங்க, யாரோட டீம் அவரோட பொசிஷன்ல முதல் மூணு ரவுண்டுல யாரையும் எடுக்கலன்னு. அந்த வெட்டரன்களுக்கு இன்னொரு வருஷம் வேலை கிட்டத்தட்ட உறுதி, ஆனா அந்த நேரம் லீக் பூரா ரூக்கி காய்ச்சல்ல கெடக்கும், இத யாரும் கவனிக்க மாட்டாங்க. இதுதான் முதல் நல்ல ஜன்னல், உங்க லீக் ரூக்கி ட்ராஃப்ட் ஆரம்பிக்கற வரைக்கும். 2.09ன்னு (ரெண்டாவது ரவுண்டுல ஒன்பதாவது) வெறும் நம்பரா இருந்த பிக், அந்த வாரம் ஒரு பையனோட பேரா, அவனோட காலேஜ் ஹைலைட்ஸ் வீடியோவா மாறிடும், அது வேணும்னு துடிக்கறவங்க அதுக்கு எத வேணா கொடுப்பாங்க.

ரெண்டாவது ஜன்னல் ரூக்கி ட்ராஃப்ட் முடிஞ்ச கையோட. நிறைய பிக் சேத்து வச்சிருந்த ரீபில்ட் டீம் (புதுசா கட்டிட்டு இருக்கற டீம்) நாலஞ்சு பசங்கள எடுத்திருக்கும், ரோஸ்டர்ல இடம் இருக்காது, டாக்ஸி ஸ்குவாடும் (இளம் பிளேயருங்கள ஒதுக்கி வைக்கற கூடுதல் இடம்) நிரம்பியிருக்கும், யாரையாவது வெட்டியாகணும். வெட்டுறதுக்கு முந்தின நாள் போய் "அந்த 31 வயசு ரிசீவர வெட்டுறதுக்கு பதிலா மூணாவது ரவுண்டுக்கு கொடுங்க"ன்னு கேட்டா நன்றி சொல்லிட்டு கொடுப்பாங்க. சில நேரம் வேவர்லயே (யார் டீம்லயும் இல்லாதவங்க பட்டியல்) சும்மா வந்து விழும்.

ஜூன் நடுவுல மினிகேம்ப் முடிஞ்சா ஜூலை கடைசில ட்ரெய்னிங் கேம்ப் தொறக்கற வரைக்கும் செய்தியே இருக்காது. எனக்குப் பிடிச்ச காலம் இதுதான், எல்லாரும் லீவுக்கு எங்கயாவது போயிருப்பாங்க, ஆப்ப தொறந்து பாக்குறதே எப்பவாவதுதான், போட்டிக்கு ஆளே இருக்காது. ஆகஸ்ட்ல கதை மாறிடும், ப்ரீசீசன்ல யாருக்காவது காயம் பட்டா கப்பு ஆசைல இருக்கற எல்லாரும் வெட்டரன தேடுவாங்க, ஜூன்ல மூணாவது ரவுண்டா இருந்தவர் அப்போ ரெண்டாவது ரவுண்டு கேப்பார்.

எவ்ளோ கொடுக்கலாம்

கீப்ட்ரேட்கட் சைட்ட எல்லாரும் பாப்பாங்க, நீங்களும் பாருங்க, ஆனா அது என்னன்னு தெரிஞ்சு பாருங்க. மூணு பேர காட்டி யார வச்சுக்குவ, யார ட்ரேட் பண்ணுவ, யார வெட்டுவன்னு வர்றவங்கள எல்லாம் கேட்டு அதுல இருந்து நம்பர் போடுறாங்க. அது ஜனங்களோட ஆசை விலை, அதுல பாயின்ட் கணக்கே கிடையாது. வெட்டரன வாங்கும்போது அந்த நம்பர் உங்க பக்கம் நிக்கும், அத நம்பி விலை பேசுறவர்கிட்ட தாராளமா பேசுங்க.

என்னோட கணக்கு இதுதான், எல்லா லீக்குக்கும் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். 28 தாண்டுன ரன்னிங் பேக்குக்கு ரெண்டாவது ரவுண்டு பிக்குக்கு மேல ஒரு பைசா கிடையாது, 30 தாண்டிட்டா மூணாவது ரவுண்டுல ஆரம்பிங்க. இன்னும் 120 டார்கெட் வாங்குற 29, 30 வயசு ரிசீவருக்கு ரெண்டாவது ரவுண்டு தாராளமா கொடுக்கலாம். முதல் ரவுண்டு பிக்க வெட்டரனுக்காக எடுக்கவே எடுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன், ஆனா கப்புக்கு ஒரே ஒரு ஆளுதான் குறையுது, உங்க பிக் 1.11, 1.12ன்னா அப்போ யோசிக்கலாம்.

இதுல புதுசா வர்றவங்களுக்கு பிடிபடாத ஒரு நுணுக்கம் இருக்கு. அடுத்த வருஷத்து பிக்குக்கு இன்னும் நம்பர் கிடையாது, அதனால எல்லாரும் அத நடு ரவுண்டு பிக்காவே நினைச்சுக்குவாங்க. நீங்க பலமான டீம், எப்படியும் மேலதான் முடிப்பீங்க, அந்த பிக் கடைசில 2.11ஆதான் போய் நிக்கும். அவங்க 2.06னு நினைச்சு வாங்குறாங்க, நீங்க 2.11அ கொடுக்குறீங்க. ஏப்ரல், மே காய்ச்சல்ல இந்த வருஷ பிக்க கொடுங்க, மத்த மாசமெல்லாம் அடுத்த வருஷ பிக்க கொடுங்க.

எப்படி கேக்கணும்

யார்கிட்ட கேக்கறதுன்னா, டீம இளசா மாத்திட்டு இருக்கறவங்ககிட்ட, இல்லன்னா பாதில விட்டுட்டுப் போன டீம புதுசா எடுத்தவங்ககிட்ட. ஆஃபர் பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போடுங்க. சும்மா ஆறு ஆஃபர் அடுத்தடுத்து அனுப்புனா அந்த ஆளு அடுத்த வருஷம் வரைக்கும் உங்க பேர பாத்தாலே ரிஜெக்ட் பண்ணுவார். 2025 மே மாசம் டவான்டே ஆடம்ஸுக்காக நடக்கற பேச்சுன்னு வச்சுக்கோங்க, அவர் அப்போதான் ராம்ஸ்ல சேந்திருக்கார், வயசு 32:

"ப்ரோ, டீம யங்கா மாத்துறீங்க போல. ஆடம்ஸ விடுற ஐடியா இருக்கா? பிக் வேணுமா பிளேயர் வேணுமா சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி அனுப்புறேன்."

"ஃபர்ஸ்ட் ரவுண்டு கொடுத்தா பாக்கலாம் ப்ரோ."

"அது கட்டாது ப்ரோ, டிசம்பர்ல 33 ஆகுது. அடுத்த வருஷ செகண்ட் தர்றேன். ரோஸ்டர்ல இடம் வேற உங்களுக்கு டைட்டா இருக்கும்ல, ரூக்கி ட்ராஃப்ட்ல அஞ்சு பிக் வச்சிருக்கீங்க."

"செகண்டோட ஒரு தேர்ட் போடுங்க, முடிச்சிடலாம்."

தேர்ட போட்டு முடிச்சிடணும். அங்க போய் நாலாவது ரவுண்டா கொறைக்க முடியுமான்னு இழுத்தா, அவர் இன்னொருத்தர்கிட்ட விலை கேக்க நேரம் கிடைச்சிடும். ஆடம்ஸ் அந்த சீசன் 14 டச்டவுன் புடிச்சார், லீக்லயே அதிகம். அந்த உரையாடல்ல அவரோட தேவையையும் சேத்து பேசுனத கவனிங்க, வெறும் "வயசாயிடுச்சு"ன்னு அவர் ஆள மட்டம் தட்டிட்டே இருந்தா "அப்புறம் ஏன் கேக்குற"ன்னு திருப்பிக் கேப்பாங்க, அதுல நியாயமும் இருக்கு.

நேரா கேட்டு நடக்கலன்னா வேற ட்ரேட் பேசும்போது ஓரமா சேத்து வாங்கப் பாருங்க, பெரிய ட்ரேட்ல கடைசில "அவரையும் போட்டுடுங்க"ன்னு சொன்னா பல பேர் யோசிக்காம போட்டுடுவாங்க. இன்னொண்ணு, காயச் செய்தி வந்த நிமிஷமே அத இன்னும் பாக்காத ஆளுக்கு ஆஃபர் அனுப்புறது ரூல்படி தப்பு இல்ல, ஆனா அடுத்த பத்து வருஷம் அதே 11 பேரோடதான் ஆடப் போறீங்க.

வாங்கினதுக்கு அப்புறம்

ரோஸ்டர்ல 29 தாண்டுன ஆளுங்க மூணு நாலு பேருக்கு மேல போக விடாதீங்க, அதுலயும் ரன்னிங் பேக் ரெண்டு பேர் போதும். வாங்குன ரன்னிங் பேக்கோட பேக்கப் வேவர்ல கெடந்தா ஆகஸ்ட்லயே எடுத்துப் போட்டுடுங்க.

சீசன் ஆரம்பிச்சு அஞ்சு வாரத்துல நீங்க 1-4னு இருந்து, மொத்த பாயின்ட்லயும் கீழ கெடந்தா, மனச கல்லாக்கிட்டு அன்னிக்கே அவங்கள வித்துடுங்க, அப்போ அவங்க கைல பாயின்ட் இருக்கு, வாங்குறதுக்கு கப்பு ஆசைல நாலு பேர் இருக்காங்க, மே மாசம் கொடுத்தத விட அதிகமாவே கிடைக்கும். லீக்கோட ட்ரேட் டெட்லைன் எந்த வாரம்னு முன்னாடியே பாத்து ஃபோன்ல அலாரம் வச்சுக்கோங்க, பெரும்பாலும் 11ல இருந்து 13வது வாரத்துக்குள்ள வரும், அத தாண்டிட்டா அந்த ஆளு உங்ககிட்டயேதான் கிழவன் ஆவார். 4-1ன்னு இருந்தா எவன் என்ன ஆஃபர் அனுப்புனாலும் தொடாதீங்க, 15, 16, 17வது வாரம் எறக்கத்தான் அவர வாங்குனதே. சீசன் முடிஞ்சு ட்ரேட் மறுபடி தொறக்கும்போது ஒரு மூணாவது ரவுண்டு பிக் வந்தா வாங்கிக்கோங்க, வரலன்னா விடுங்க, மே மாசத்துல ரோஸ்டர்ல இடம் தேவைப்படும்போது முதல்ல வெட்டப் போற பேர் அவரோடதுதான்.